ஒரு கிணறு, இரண்டு தோட்டம்

உங்கள் வீட்டில் இன்றைக்கு ரசம் வைத்தாயிற்றா? எத்தனை தக்காளி போட்டீர்கள்? விலை மலிவாக இருந்தால் மூன்று போட்டிருப்பீர்கள். ஏறியிருந்தால் ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, புளியைக் கொஞ்சம் கூடக் கரைத்து விட்டிருப்பீர்கள். எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டிலும் அதே கதைதான்.

2023-ம் வருஷம் ஜூலை மாதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னையில் ஒரு கிலோ தக்காளி 100 ரூபாயைத் தாண்டிக் குதித்தது. சர்க்கார் தலையிட்டு, ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டியதாயிற்று. அந்த நாட்களில் ஒரு காலை வேளையில், எங்கள் தெருவுக்கு வரும் தள்ளுவண்டிக்காரரோடு நான் ஒரு பெரிய சண்டை போட்டேன். அவர் நிறுத்துக் கொடுத்த பழங்களில் பாதி வெடித்திருந்தன. இரண்டு பழங்களில் அடிப்பக்கம் அணா அகலத்துக்குக் கறுப்பு வட்டம்!

"இதற்கா இந்த விலை?" என்று கேட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நானாம்மா விளைய வெச்சேன்? விளைய வெச்சவங்களைப் போய்க் கேளுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வார்த்தை என் மனத்தில் முள்ளாகத் தைத்திருந்தது. போய்க் கேட்டே விடுவது என்று தீர்மானித்தேன். ஆனால், பத்திரிகைக் காரியாலயத்தில் எதற்கும் வேளை வர வேண்டுமல்லவா? சென்ற கார்த்திகையில்தான் அந்த வேளை வந்தது. எங்கள் ஓவியரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, தக்காளியைத் தேடிப் புறப்பட்டேன். அவர் நல்ல மனிதர். படம் போடுவதைத் தவிர அவருக்கு இருக்கும் ஒரே பழக்கம் பொடி போடுவது. இந்தப் பொடியினால் பிற்பாடு ஒரு சங்கடம் ஏற்பட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

திண்டுக்கல்லில் ரெயிலை விட்டு இறங்கிப் பழனி பஸ்ஸில் ஏறினோம். சுமார் 30 கிலோமீட்டர் போனதும் ஒட்டன்சத்திரம் வருகிறது. தெற்கே பழனி மலைத் தொடர் நீல நிறத்தில் நீண்டு கிடந்தது. அதன் மேல் மழை மேகம் துணி உலர்த்தியது போல் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய மூன்று நாளும் அந்தப் பக்கம் விடாத மழை.

ஒட்டன்சத்திரம் என்றால் காய்கறி மார்க்கெட். நம் வீட்டில் கத்தரிக்காய் ஒரு கிலோ, வெண்டைக்காய் அரைக் கிலோ என்று கணக்குப் பார்க்கிறோமே, அங்கே எல்லாம் லாரிக் கணக்கு. முருங்கைக்காய் விறகுக் கட்டு மாதிரி அடுக்கிக் கிடக்கிறது. மலையாளத்தில் விலை பேசும் குரல் நாலா பக்கமும் கேட்கிறது. இங்கே வந்து இறங்கும் காய்களில் பெரும் பங்கு கேரளத்துச் சமையலறைகளுக்குப் போய்ச் சேருகிறது. தக்காளியை இங்கே கிலோவில் சொல்வதில்லை. பெட்டியில்தான் சொல்கிறார்கள். ஒரு பெட்டிக்கு 14 கிலோ.

ஏலம் நடந்துகொண்டிருந்த ஒரு கமிஷன் கடை வாசலில் நின்றோம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அடுக்குப் பெட்டிகள். ஓர் அடுக்கில் பழங்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்த குழந்தைகள் மாதிரி பளபளவென்றிருந்தன. மற்றோர் அடுக்கில் மண் ஒட்டியவை, வெடித்தவை, அடி கறுத்தவை. முதல் அடுக்கு பெட்டி 420 ரூபாய்க்குப் போயிற்று. இரண்டாவது 180 ரூபாய்க்குமேல் ஏறவே இல்லை.

"இரண்டும் வேறு வேறு ஜாதியோ?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

அவர் சிரித்தார். "ஒரே விதைங்கம்மா. ஒரே நாளில் நட்டது. ஒரே கிணற்றுத் தண்ணி. அவ்வளவு ஏன், ஒரே வீட்டுப் பழம்! அண்ணன் தம்பி பாகம் பிரிச்சுக்கிட்டாங்க. இது பெரிய மருமகள் தோட்டம், அது சின்ன மருமகள் தோட்டம்."

விதை ஒன்று, நாள் ஒன்று, தண்ணீர் ஒன்று. ஆனால் விலையில் பெட்டிக்கு 240 ரூபாய் வித்தியாசம். இதைவிட எனக்கு என்ன வேண்டும்? வழி கேட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்துவிட்டோம்.

போகும் வழியில் உங்களுக்குத் தக்காளியின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இதன் பிறந்தகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பக்கம். மெக்ஸிகோவில் வளர்ந்து, 16-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போயிற்று. அங்கே பலர் இதை விஷப் பழம் என்று நினைத்து, அழகுக்காக மட்டும் தொட்டியில் வளர்த்தார்கள். போர்த்துகீசியர் கப்பலில் நம் தேசத்துக்கு வந்தது. நம் கொல்லையில் மணத்தக்காளியும் சொடக்குத் தக்காளியும் ஏற்கெனவே இருந்ததால், வந்தவளுக்குச் 'சீமைத் தக்காளி' என்று பெயர் வைத்தோம். இன்றைக்கும் திவசச் சமையலில் தக்காளி சேர்க்காத வீடுகள் உண்டு. வந்து இத்தனை காலமாகியும் அந்த ஒரு நாள் மட்டும் அவள் அந்நியள்தான்!

இன்னொரு சமாசாரம். மலைத் தொடருக்கு அந்தப் பக்கம், தேனியை அடுத்து அன்னஞ்சி என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரால் வழங்கிய உள்ளூர்த் தக்காளி ஒன்றை எடுத்து, பெரியகுளம் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் அதன் குணத்தைத் திருத்தி, 1978-ம் வருஷம் 'பி.கே.எம். 1' என்று வெளியிட்டார்கள். பெரியகுளம் என்பதன் சுருக்கமே பி.கே.எம். கொஞ்சம் தட்டையாக, காம்புப் பக்கம் பச்சையாக, லாரியில் குலுங்கினாலும் நசுங்காத பழம். எக்டேருக்கு 30 முதல் 35 டன் வரை காய்க்கும் என்று கணக்கு. ஏக்கருக்குச் சொன்னால் 12 முதல் 14 டன். இப்போது பெரும்பாலோர் நடும் வீரிய ஒட்டு ரகங்கள், நல்ல கவனிப்பு இருந்தால், அதைப்போல் இரண்டு மடங்கும் அதற்கு மேலும் கொடுக்கின்றன.

'நல்ல கவனிப்பு இருந்தால்' என்றேன் அல்லவா? அந்த மூன்று வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்பதை அன்று மத்தியானம் கண்ணால் பார்த்தேன்.

தோட்டத்துக்குள் நுழையும்போதே தடை வந்துவிட்டது. வரப்பு முனையில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்திருந்தது. சுமார் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி ஒருவர், தலையில் துண்டு கட்டியவராக எதிரே வந்தார். அவர்தான் சின்ன மருமகள்.

"வாங்க, வாங்க. பீடி, பொகையிலை, பொடி ஏதாச்சும் பழக்கம் உண்டுங்களா? இருந்தா கையைக் கழுவிட்டு வாங்க" என்றார்.

எங்கள் ஓவியருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால், இது ஆசாரமல்ல, விஞ்ஞானம். புகையிலையும் தக்காளியும் ஒரே குடும்பம். கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு எல்லாம் கூடப் பங்காளிகள்தான். புகையிலைச் செடிக்கு வரும் ஒரு வகைத் தேமல் நோயின் கிருமி, காய்ந்த புகையிலையிலும் சாகாமல் இருக்கும். பொடி போட்ட கையோடு செடியைத் தொட்டால் நோய் அதற்குத் தொற்றிக்கொள்ளும். பங்காளிகள் என்பதால்தான் கத்தரியோ மிளகாயோ எடுத்த நிலத்தில் உடனே தக்காளி நடக்கூடாது என்பதும். முன்னவருக்கு வந்த வியாதி மண்ணில் காத்திருந்து பின்னவரைப் பிடித்துக்கொள்ளுமாம்.

ஓவியர் முழங்கை வரை கழுவிக்கொண்டார். பொடி டப்பி வரப்பிலேயே தங்கிவிட்டது.

நடுவில் ஒரு பெரிய கிணறு. அதற்குக் கிழக்கே சின்னவர் தோட்டம், மேற்கே பெரியவர் தோட்டம். ஆளுக்கு அரை ஏக்கர் தக்காளி. கிழக்கே பார்த்தால் வரிசை வரிசையாகச் சவுக்குக் குச்சி நட்டு, கம்பி இழுத்து, செடிகளைச் சணல் கயிற்றால் தூக்கிக் கட்டியிருந்தது. ஆள் உயரத்துக்குப் பச்சைச் சுவர். அதில் தோரணம் கட்டினாற்போல் பழங்கள். மேற்கே செடிகள் தரையில் படர்ந்து ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடந்தன. மூன்று நாள் மழையில் அடிப்பக்கம் இருந்த பழமெல்லாம் ஈர மண்ணில் ஒட்டி அழுகிக்கொண்டிருந்தது. ஒரு மாதிரியான புளித்த வாசனை.

அந்த மேற்குத் தோட்டத்தில் ஓர் அம்மாள் குனிந்து, கெட்ட பழங்களைப் பொறுக்கி வெளியே எறிந்துகொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். "அக்கா, சென்னையிலேருந்து பத்திரிகைக்காரங்க வந்திருக்காங்க" என்று சின்னவர் குரல் கொடுத்தார். பெரியவர் நிமிர்ந்து பார்த்து, "வா அம்மிணி, அழுகின பழத்தைப் படம் பிடிக்கவா வந்தே?" என்றார். எனக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

பகை ஒன்றும் இல்லை. ஓரகத்திகள் இருவரும் ஒரே சொம்பில் மோர் குடிப்பவர்கள்தான். ஆனால் பயிர் விஷயத்தில் கட்சி வேறு. இரண்டு கட்சியையும் நான் கேட்டேன். நீங்களும் கேளுங்கள்.

முதலில் நாற்று. ஒட்டு விதை ஏக்கருக்கு 40 முதல் 60 கிராம் இருந்தால் போதும். ஒரு கிராமில் ஏறக்குறைய 300 விதை இருக்கும். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் விதை வாங்கினார்கள். பெரியவர் வழக்கம்போல் மேட்டுப்பாத்தியில் தூவினார். சின்னவர் 98 குழி உள்ள தட்டுகளில் தேங்காய் நார்க் கழிவை நிரப்பி, குழிக்கு ஒரு விதையாக ஊன்றி, நிழல் வலைக்குக் கீழே வைத்தார். பாத்தியில் வளர்ந்த நாற்றைப் பிடுங்கும்போது வேர் அறுந்து, நட்ட பிறகு ஒரு வாரம் தலை சாய்ந்து கிடக்கும். தட்டு நாற்றோ வேரில் ஒட்டிய நாரோடு வந்துவிடும். நட்ட மறுநாளே நிமிர்ந்து நிற்கும். சுமார் 25 நாள் நாற்றைச் சாயங்கால வேளையில், தண்டின் அடிப்பாகமும் மண்ணுக்குள் போகும்படி கொஞ்சம் ஆழமாக நட வேண்டும். புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடும் குணம் தக்காளிக்கு உண்டு.

அடுத்தது தண்ணீர். பெரியவர் தோட்டத்தில் வாய்க்கால் பாய்ச்சல். கிணற்றில் முறை வரும்போது நிலம் நிரம்பக் கட்டுவார். முறை தள்ளினால் மண் வெடிக்கும் வரை காயும். சின்னவர் தோட்டத்தில் சொட்டு நீர்க் குழாய். ஒவ்வொரு செடிக்கும் அடியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும். சிறு, குறு விவசாயிகளுக்கு இந்தக் குழாய் போட நம் மாநில சர்க்கார் முழு மானியமும் தருகிறது.

இந்த இடத்தில்தான் என் தள்ளுவண்டிச் சண்டைக்குப் பதில் கிடைத்தது. காய்ந்து கிடந்த செடிக்குத் திடீரென்று தண்ணீர் கிடைத்தால், பழத்தின் சதை வேகமாக ஊதும். தோலால் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாது. பழம் வெடித்துவிடும். அடியில் கறுப்பு வட்டம் விழுவது பூச்சியும் அல்ல, தொற்று நோயும் அல்ல. சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடு சேர்ந்துதான் செடிக்குள் ஏறும். காயின் நுனிக்கு அது கடைசியாகத்தான் போய்ச் சேரும். நடுவில் தண்ணீர் விட்டுப் போனால் நுனிக்குச் சத்து கிடைக்காமல் அந்த இடம் கறுத்துப் போகிறது. வீட்டில் கடைசிப் பந்தியில் உட்காரும் நமக்குப் பாயசம் தீர்ந்துபோவது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

"அப்படியானால் நிறையத் தண்ணீர் விட்டால் நல்லதா?" என்று கேட்டேன்.

"நிறைய வேண்டாங்க. ஒரே சீரா வேணும். கைக்குழந்தைக்குப் பால் குடுக்கிற மாதிரிதானுங்க" என்றார் சின்னவர்.

மூன்றாவது உரம். பெரியவர் வீட்டுக்காரருக்கு யூரியாவின் மேல் அபார நம்பிக்கை. செடி கறுகறுவென்று வளர்ந்தால் அவருக்குச் சந்தோஷம். ஆனால் தழைச்சத்து மிதமிஞ்சினால் இலைதான் கொழிக்கும். பூ குறையும், பூத்ததும் உதிரும். கொழுத்த இலையைத் தேடிப் பூச்சியும் வரும். சின்னவர் தொழு உரத்தை அடியுரமாகப் போட்டுவிட்டு, மற்றதைச் சிறுகச் சிறுகச் சொட்டுக் குழாய் வழியாகவே கொடுக்கிறார்.

நாலாவது, இந்தக் குச்சியும் கயிறும். செடியைத் தூக்கிக் கட்டினால் பழம் மண்ணில் படாது. காற்று உள்ளே புகுந்து இலை சீக்கிரம் உலரும். இலை உலர்ந்தால் கருகல் நோய் குறையும். அடி இலைகளையும், கணுவில் முளைக்கும் பக்கக் கொழுந்துகளையும் கிள்ளிவிடுகிறார்கள். செடியின் பலம் காய்க்குப் போகிறது. இது உயரமாக வளர்ந்துகொண்டே போகும் ரகங்களுக்குத்தான் முழுப் பலன் தரும். தானாக வளர்ச்சி நின்றுவிடும் குட்டை ரகங்களில் கொழுந்தைக் கிள்ளினால் காயே குறைந்துவிடும். ஆகையால் என்ன விதை என்று தெரிந்துகொண்டுதான் கை வைக்க வேண்டும்.

இவை தவிர, கிழக்குத் தோட்டத்தில் வேறு சில காவல்காரர்களும் உண்டு. ஓரத்தைச் சுற்றி மக்காச்சோளம் இரண்டு மூன்று வரிசை நிற்கிறது. இலைச் சுருட்டை நோயைச் சுமந்து வரும் வெள்ளை ஈக்கு அது வேலி. மண்ணின் மேல் வெள்ளி நிறமும் கறுப்பும் கொண்ட பிளாஸ்டிக் விரிப்பு. மேலே இருக்கும் வெள்ளி நிறம் வெயிலைத் திருப்பி அடித்து ஈயை விரட்டும். அடியிலுள்ள கறுப்பு களையை வளரவிடாது. ஈரமும் காப்பாற்றப்படுகிறது. பதினாறு வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை வீதம் செண்டுமல்லி. பழத்தைக் குடையும் புழுவின் தாய்ப்பூச்சி, தக்காளியை விட்டுவிட்டு மஞ்சள் பூவில் போய் முட்டையிடுமாம்.

"பூவை விக்கறதும் உண்டுங்க. கோயிலுக்குக் கேப்பாங்க" என்றார் சின்னவர்.

இத்தனையும் இருந்தும் வியாதியே வரவில்லை என்று நினைக்காதீர்கள். நட்ட இருபதாம் நாள், முப்பது செடிகளில் இலை சுருண்டுவிட்டதாம். "பிடுங்கி எரிச்சுட்டேனுங்க. பிள்ளையைத் தூக்கிக் குடுக்கிற மாதிரி இருந்துச்சு. ஆனா அதைப் பார்த்துக்கிட்டு இருந்தா மத்ததும் போயிரும்" என்றார். மேற்குத் தோட்டத்தில் அப்படிச் சுருண்ட செடிகள் இன்னும் நின்றுகொண்டிருக்கின்றன. பெரியவருக்குப் பிடுங்க மனம் வரவில்லை.

அன்றைய பறிப்புக்கு மட்டும் கணக்குச் சொல்கிறேன். கிழக்கே 38 பெட்டி, மேற்கே 17. விலையோ மார்க்கெட்டில் நாம் பார்த்ததுதான்.

கதை இவ்வளவுதான் என்றால், "குச்சி கட்டுங்கள், குழாய் போடுங்கள்" என்று இரண்டு வரியில் எழுதிவிட்டு நான் ரெயில் ஏறியிருக்கலாம். ஆனால் பெரியவர் கட்சியையும் கேட்க வேண்டாமா?

கிணற்று மேட்டில் உட்கார்ந்து மோர் குடித்தோம். பெரியவர் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

"எனக்கும் கண்ணு இருக்குது அம்மிணி. அவ தோட்டம் நல்லாருக்குதுன்னு எனக்குத் தெரியாதா? ஆனா அந்தக் குச்சி, கம்பி, கயிறு, கட்டறதுக்கு ஆள் கூலி எல்லாம் எங்கிருந்து வந்துச்சுன்னு கேளு. அவ கழுத்துச் சங்கிலி. மூணு பவுன். போன சித்திரையில கூட்டுறவு பேங்கில வெச்சா. அந்தத் தடவை என்ன ஆச்சுன்னும் கேளு."

சின்னவர் ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கொண்டுவந்தார். வரவு செலவு எல்லாம் பென்சிலில் எழுதியிருந்தது. கோடையில் தக்காளிக்குக் கஷ்டகாலம். பகல் உஷ்ணம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பூ உதிர்ந்துவிடும். வெயில் அதிகமானால் பழத்தில் சிவப்பும் சரியாக ஏறாது. கரும்பாடுபட்டு அதையும் சமாளித்துக் காய்க்க வைத்தாராம். பழம் பழுத்த சமயத்தில் எல்லா ஊரிலிருந்தும் ஒன்றாக வந்து குவிந்து விலை விழுந்துவிட்டது. பெட்டிக்குக் கிடைத்த காசு பறிக்கும் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் காணவில்லை. கடைசி இரண்டு பறிப்பைப் பறிக்காமலே விட்டுவிட்டார். அந்த வருஷம் பெரியவருக்கும் நஷ்டம்தான். ஆனால் குறைவாகச் செலவழித்தவருக்குக் குறைந்த நஷ்டம். அதிகம் செலவழித்தவருக்கு அதிக நஷ்டம்.

"விளைய வெக்கிறது நம்ம கையில. விலை நம்ம கையில இல்லையே? அதனாலதான் நான் கையைக் கட்டிக்கிட்டு இருக்கேன்" என்றார் பெரியவர்.

எனக்கு 2023-ம் வருஷம்தான் ஞாபகம் வந்தது. ஜூலையில் நம்மை அழ வைத்த அதே தக்காளி, மழை விட்டு வரத்து பெருகியதும், செப்டம்பரில் விவசாயியை அழ வைத்தது. விலை ஏறியது நம் எல்லோருக்கும் தெரிந்தது. இறங்கியது எத்தனை பேருக்குத் தெரிந்தது? மலிவாகக் கிடைக்கிறதென்று மூன்று கிலோவாக வாங்கித் தொக்கு கிளறினோம். அவ்வளவுதான்.

"அப்படியிருந்தும் ஏன் மறுபடி குச்சி நட்டீர்கள்?" என்று சின்னவரைக் கேட்டேன்.

அவர் நோட்டை மூடினார். "குச்சி வாங்கினது ஒரு தடவைதானுங்க. சவுக்குக் குச்சி மூணு வெள்ளாமைக்குத் தாங்கும். கம்பி அதுக்கு மேலயும் இருக்கும். செலவு மொத வருஷத்துக்குத்தான். விலை இல்லாத நாள்ல நல்ல பழத்துக்கும் விலை இல்லை, சரிதான். ஆனா விலை இருக்கிற நாள்ல நம்மகிட்ட நல்ல பழம் இருக்கணுமில்லிங்களா? இந்த மழையில எத்தனை பேர் தோட்டம் அழுகிப் போச்சு? அதனாலதான் இன்னிக்கு 420."

பெரியவர் பதில் பேசவில்லை. தூரத்தில் மேற்குத் தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சின்னவர் மாட்டைப் பார்க்க எழுந்துபோனதும், என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்.

"தை மாசம் என் மகளுக்குக் கலியாணம். சித்திக்காரி வெறுங்கழுத்தோட மணவறையில நின்னா எனக்கு நல்லாருக்குமா? அவ சங்கிலியை மீட்டுட்டான்னா எனக்குப் போதும். இந்த வெள்ளாமை அவளுக்கு நல்லபடியா முடியணும்னு பழனியாண்டவருக்கு முடிஞ்சு வெச்சிருக்கேன்."

தன் தோட்டம் அழுகிக் கிடக்கிறது. வேண்டுதலோ பக்கத்துத் தோட்டத்துக்கு! எங்கள் ஓவியர் அதுவரை செண்டுமல்லியை வரைந்துகொண்டிருந்தார். பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

புறப்படும் சமயம், சின்னவர் சொட்டு நீர் மோட்டாரை நிறுத்தினார். அவருடைய முறை இன்னும் ஒரு மணி பாக்கி இருந்தது. குழாயில் விடுவதால் அவருக்குச் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. மீதி நேரத்துத் தண்ணீரை அவர் பெரியவர் வாய்க்காலுக்குத் திருப்பிவிட்டதைப் பார்த்தேன். இது தினமும் நடப்பதாம். இதைப் பற்றி இருவருமே எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சகோதரிகளே, உங்களுக்கும் இரண்டொரு விஷயம் சொல்ல வேண்டும். காயாக வாங்கிய தக்காளியை உடனே குளிர்ப்பெட்டிக்குள் தள்ளிவிடாதீர்கள். 12 டிகிரிக்குக் கீழே போனால் அது பழுப்பதும் நின்றுவிடும், மணமும் போய்விடும். காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி வெளியிலேயே வைத்தால் தானாகப் பழுக்கும். நன்றாகப் பழுத்ததை மட்டும் உள்ளே வையுங்கள். தோல் வெடித்திருந்தால் முதல் நாளே சமையலுக்கு எடுத்துவிடுங்கள். பூஞ்சணம் பூத்ததைத் தூக்கி எறியுங்கள். அடியில் கறுப்பு வட்டம் இருந்தால் அதை வெட்டிவிட்டு மற்றதைச் சமைக்கலாம்.

மாடியில் ஐந்தாறு மணி நேரம் வெயில் படும் இடம் இருந்தால், ஒரு பெரிய தொட்டியில் ஒரு செடி வைத்துப் பாருங்கள். அடியில் ஓட்டை இருக்க வேண்டும். ஒரு குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். தினமும் ஒரே வேளையில் தண்ணீர் விடுங்கள். காற்று இல்லாத மாடியானால், பூ பூத்ததும் காலை வேளையில் காம்பை விரலால் மெதுவாகச் சுண்டிவிடுங்கள். மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும். பத்துக் காய் காய்த்தாலும் போதும். அந்தப் பத்துக் காயை வளர்ப்பதற்குள், கிலோ என்ன விலை என்று பேரம் பேசும்போது நம் குரல் கொஞ்சம் இறங்கிவிடும். என் குரல் இறங்கிவிட்டது. தள்ளுவண்டிக்காரருக்கே ஆச்சரியம்!

தை பிறந்து பத்துப் பதினைந்து நாள் ஆனதும் ஒட்டன்சத்திரத்துக்கு டெலிபோன் செய்தேன். சின்னவர்தான் பேசினார். கல்யாணம் நல்லபடியாக நடந்துவிட்டது. சங்கிலியை மீட்டாகிவிட்டது.

"அக்கா தோட்டம் எப்படி?" என்று கேட்டேன்.

"உழுதுட்டு மறுபடி நட்டிருக்காங்க. என் பழைய குச்சி கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு, வேணுமான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டாங்க. மறுநாள் காலையில பார்த்தா, அவங்களே எடுத்து நட்டுட்டு இருக்காங்க. அஞ்சு வரிசை மட்டும். சும்மா பார்க்கறதுக்காமுங்க!"